சம்பளத்தைச் சுவரில் எழுதிய கோமதி அக்கா

கோமதி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஏரலில் இருந்தேன். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரின் கையை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஸ்டெல்லா பேசினாள். "அக்கா போயிட்டாங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்தே பெரியவரின் மனைவி புரிந்துகொண்டார். "அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா?" என்று கேட்டார். தலையசைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தவர், சற்றுப் பொறுத்து, "இந்தக் கையை முடிச்சிட்டுப் போம்மா. அவுக இருந்தா அப்படித்தான சொல்லுவாக" என்றார். முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

எங்களுடையது சிறிய அறக்கட்டளை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிறோம். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர் தொடங்கியது. அவர் காலமான பிறகு, வங்கி வேலையை விட்டுவிட்டு நிர்வாகத்தை ஏற்க வந்தார் கோமதி அக்கா. கணவரை இழந்தவர், கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் உண்டு. அவர் இதைச் சேவையாகவே செய்வார் என்று அறங்காவலர்கள் எல்லோரும் தாங்களாகவே முடிவுசெய்திருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே அக்கா சம்பளம் கேட்டார். ஊழியர்கள் சார்பில் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவரின் மகன்தான் தயங்கித் தயங்கி, "அப்பா ஒரு பைசா வாங்கினது இல்லையே" என்றார்.

"அப்பாவுக்குச் சொந்தமா ஆஸ்பத்திரி இருந்துச்சு தம்பி. நான் சும்மா பாத்தேன்னு வைங்க, எனக்குப் பொறவும் சும்மா பாக்க வசதி உள்ளவங்கதான் இந்த நாற்காலிக்கு வர முடியும். சம்பளம் வேணும். எவ்வளவுங்கிறது ஊருக்கும் தெரியணும்."

அலுவலக வாசல் சுவரில் பெரிதாகக் கறுப்பு வண்ணம் அடிக்கச் சொன்னார். வந்த பணம், செலவான பணம், அறங்காவலர்கள் யார் யார், அவர்களில் யாருக்கு யார் உறவு, டிரைவர் முதல் தான் வரைக்கும் யாருக்கு என்ன சம்பளம், எல்லாவற்றையும் அதில் எழுதவைத்தார். எழுதிய அன்றே வம்பு வந்தது. ஸ்டெல்லா அப்போது எங்கள் நர்ஸுகளில் ஒருத்தி. உவரிப் பெண், கடலுக்குப் போகிறவர்களின் வீடு. சுவர் முன்னால் நின்று சத்தமாகவே கேட்டாள்: "நானும் டிரைவர் அண்ணனும் ஒண்ணாத்தான சேர்ந்தோம்? எனக்கு மட்டும் ஏன் கொறச்சல்?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. பதில் சொல்லாமல் உள்ளே போனார். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் ஸ்டெல்லாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அவ கேட்டது தப்பா அக்கா?" என்றேன்.

"ஏளா, தப்பாக் கேட்டிருந்தா அப்பவே பதில் சொல்லியிருப்பேம்லா? சரியாக் கேட்டுட்டா. அதான் கோவம் வருது."

அடுத்த கூட்டத்தில் நர்ஸுகளின் சம்பளம் உயர்ந்தது. அக்காவுக்குத் தருவதாக இருந்த உயர்வு அந்த ஆண்டு கிடைக்கவில்லை. அவர் அதைத் தியாகம்போல் யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் பொதுக்கூட்டம் வைத்து, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வது அவர் கொண்டுவந்த வழக்கம். ஏரல் கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தை இதைப் படிக்கும் உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அதிகமாக நன்கொடை தந்துவந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி எழுந்தார்.

"ஏம்மா, சேவைன்னு சொல்லுதிய, சம்பளமும் வாங்குதிய. நாங்க நோயாளிக்குன்னு குடுத்தா அது ஒங்க வீட்டு அடுப்புக்குப் போவுது. இது ஞாயமா?"

மண்டபத்தில் சலசலப்பு. அக்கா மைக்கைக் கையில் எடுத்தார்.

"போவுது அண்ணாச்சி. எங்க வீட்டு அடுப்பு இதுலதான் எரியுது. எம்மவ படிப்பும் இதுலதான் நடக்குது. காலைல இருந்து பொழுதடையிற வரைக்கும் நான் பாக்க வேலைக்கு இது கூடுதல்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, பேசுவோம். ஆனா வாங்கவே கூடாதுன்னு சொல்லாதிய."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அந்த மாதத்தோடு அவர் பணம் நின்றது. இரண்டு வண்டிகளில் ஒன்றை நிறுத்தினோம். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். சுவரில் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடலாமே என்று அறங்காவலர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "மத்ததை எல்லாம் வச்சுக்கிட்டு எஞ்சம்பளத்தை மட்டும் மறைச்சா, அது மறைச்சதுதான" என்றார்.

அன்று அவரைத் துணிச்சல்காரி என்று பேசியவர்கள் உண்டு. நான் பார்த்தது வேறு. கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "திருடியப் பாக்க மாதிரி பாத்தாங்களே பிள்ள" என்றார். பஸ் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏறினார்.

அண்ணாச்சி திரும்பி வரவேயில்லை. ஆனால் நாங்கள் கவனித்த குடும்பங்களிலிருந்தும், வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்தும் சிறுகச் சிறுகப் பணம் வரத் தொடங்கியது. நின்ற வண்டி மீண்டும் ஓடுவதற்குள் வெகுகாலம் ஆகிவிட்டது.

பிறகு அக்காவுக்கே நோய் வந்தது. அரை நாள்தான் வேலை செய்ய முடிகிறது என்று அரைச் சம்பளமாக்கிச் சுவரில் எழுதச் சொன்னார். தன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று சம்பளத்தோடு விளம்பரமும் கொடுத்தார். மருத்துவரின் மகன் விண்ணப்பித்தார். நானும் விண்ணப்பித்தேன். ஸ்டெல்லாவும் விண்ணப்பித்தாள். நான் தோழி என்பதால் தேர்வுக் குழுவில் அக்கா உட்காரவில்லை. அவர்கள் ஸ்டெல்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்கு வலித்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். மறுநாள், மூச்சு வாங்க மாடியேறி என் வீட்டுக்கு வந்தார்.

"கோவமா இருக்கியா?"

"ஆமா."

"இருந்துக்கோ. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தார். கோபம் அன்று தீரவில்லை. ஆனால் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கடைசி மாதங்களில் அவருடைய கால்களுக்குப் பயிற்சி கொடுக்க நான்தான் போனேன். "நீ சம்பளம் வாங்கிட்டுத்தான வார? அதனால கூசாமக் கேக்கேன். இன்னும் கொஞ்சம் பைய, மெதுவா அமுக்கு" என்பார். சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரிப்பார்.

போன வாரம் ஓர் அம்மாள் அலுவலகத்துக்குள் வந்து கத்தினார். தன் தகப்பனாரைப் பார்க்க நாங்கள் வருவது குறைந்துவிட்டதாம். வாங்குகிற பணத்தையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்றார். நான் எழுந்து, மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை இழுத்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். "உக்காந்து கேளுங்கம்மா" என்றேன். அக்கா அப்படித்தான் செய்வார். கேள்வி கேட்கிறவரை எதிரே நிற்கவைக்க மாட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே அது நினைவுக்கு வந்தது. கோமதி அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். வேறெதுவும் வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.