டப்பாவுக்குள் போகாத காசு

என் கணவரின் அக்கா சென்னம்மாளை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கிறார். வெகுகாலம் தறி ஓட்டியவர், அதனால் எதையும் சத்தமாகத்தான் பேசுவார். நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சம்.

நங்கையாவிடம் ஒரு தங்கக் காசு உண்டு. அவர் கணவர் மயில்சாமி அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் போயிருந்தபோது, தண்ணீர் கண்ட சந்தோஷத்தில் ஒரு பண்ணைக்காரர் கொடுத்தது. அந்த நாட்டு விடுதலையின் பொன்விழாவுக்கு வெளியிட்ட காசு. ஒரு பக்கம் யானை இருக்கும். அண்ணன் காலமான பிறகு, அவர் நினைவாக அது ஒன்றுதான்.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன வாரம், நங்கையா வாசலில் போய் நின்றேன். பணம் கேட்க வாய் வரவில்லை. முருங்கைக்கீரை இருக்கிறதா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் காசோடு வந்தார்.

"வா சாமி, கடைவீதிக்குப் போலாம்."

அடகுக் கடைக்காரர் வெளிநாட்டுக் காசை நம்பவில்லை. விளிம்பில் அரத்தால் ஆழமாக ராவி, கல்லில் உரசிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தார். பின்னால் காசை மீட்டுவிட்டோம். அந்தப் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

போன ஆவணியில் நங்கையாவின் மகன் சபரிநாதன் செல்போனில் அதே மாதிரிக் காசு ஒன்றின் படத்தைக் காட்டினான்.

"கிரேடிங் பண்ணுனதும்மா. தரம் பார்த்து நம்பர் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவுல மூடித் தர்றாங்க. தங்க விலையைப் போல மூணு மடங்கு போகுது. மழைக்கு முன்னால ஓட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுரலாம்."

நங்கையா வீட்டுக் கூரை ஒழுகாத இடம் குறைவு. மூவரும் சேலம் பஸ் ஏறினோம்.

பழைய நாணயம் வாங்கி விற்கும் அன்பரசு, லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகமெல்லாம் நல்லா இருக்குங்கம்மா. விளிம்புல இது யாரு பண்ணுன வேலை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நங்கையா என்னைக் கை காட்டினார்.

"அதா, தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்குதே, அதும்பட ஆபரேஷனுக்கு வெச்சதுங்க. கடைக்காரன் மாட்டுக்குக் கொம்பு சீவற மாதிரி சீவிப்போட்டான்."

அன்பரசு சிரித்துவிட்டார். "இது இல்லாட்டி நானே அனுப்பச் சொல்லுவேன். இப்ப அனுப்புனா நம்பர் கிடைக்காது. சேதம்னு எழுதி மூடிக் குடுத்துருவாங்க. கட்டுன பீஸும் திரும்பாது. தங்க விலைக்கு மேல கொஞ்சம் கிடைச்சாலும் கிடைக்கும். யோசிச்சுக்குங்க."

"அனுப்பித்தான் பார்ப்பமே," என்றான் சபரிநாதன். அவன் முகம் வாடியிருந்தது. அந்தக் கூரை என்னால் ஒழுகுவதுபோல் இருந்தது எனக்கு.

"ஏனுங்க, அந்த டப்பாவை வேணுங்கறப்பத் தொறந்துக்கலாமுங்களா?" என்று கேட்டார் நங்கையா.

"தொறந்தா கிரேடிங் போச்சுங்கம்மா."

"அப்ப ஒரு அவசரம்னா? எங்கூருக் கடைக்காரன் டப்பாவையா கல்லுல தேய்ப்பான்?" காசை எடுத்து முந்தானையில் முடிந்தார். "ஓட்டு மேல தார்ப்பாய் போட்டுக்கலாம். எந்திரிங்க."

"ஊருக்கெல்லாம் வட்டிக்கடை நடத்தறயாக்கும்?" என்றான் மகன்.

"வட்டியில்லாத கடை சாமி. போணி உங்கத்தைதான்."

நன்றி சொல்ல வேண்டும் என்று சங்ககிரி வரை நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. ஊர் நெருங்கும்போது நங்கையா முடிச்சை அவிழ்த்து, காசை என் கையில் வைத்தார்.

"உம்பட ஊட்டுலதான் பீரோ இருக்குது. நீயே வெச்சுக்க. யாராச்சும் வந்தா என்னைக் கேக்கோணும்னு நிக்காதே."

ஐப்பசி மழையில் ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியநாயகி வந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருப்பது தெருவுக்கே தெரியும். வாசலில் நனைந்தபடி நின்று, "கருவேப்பிலை இருக்குதுங்களாக்கா?" என்றாள்.

அவள் வீட்டுக் கொல்லையிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தேன். உள்ளே போய் பீரோவைத் திறந்தேன்.