தெருப்பாவில் ஒரு காந்தப் பொறி

‘காலை தெருப்பாவு. தம்பி பேசினான். மாமா மறுத்துவிட்டார்.’ 1968 தை மாதத்து என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எதற்கும் தேதி போடுகிறவன் நான், அன்று போடவில்லை.

தம்பி வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்தான். எதிர்வீட்டுத் தாய்மாமன் மகளை மணந்து அழைத்துப்போகத்தான் விடுப்பில் வந்தான். அவளுக்கும் சம்மதம். மாமாவின் வாய்வார்த்தைதான் பாக்கி.

தறியில் ஏற்றும் நெடுக்கிழைகளான பாவை நீட்டும் நாளில் தெருவின் ஆண்கள் எல்லாரும் கைகொடுக்க வருவார்கள். பாவில் கைவைத்துச் சொன்ன சொல்லை எங்கள் தெருவில் யாரும் திருப்பி வாங்குவதில்லை. அன்று எங்கள் வீட்டுப் பாவு. கஞ்சி தோய்ந்த பட்டிழைகள் நடுவில் விரிந்து, இரு முனையிலும் நெருங்கிக் கட்டுண்டு தெரு நீளத்துக்கு நின்றன.

“இன்னா மாப்ளே, அங்க இன்னா வேலை பண்ணிக்கினு இருக்கிற?” என்று மாமா இழையைத் தடவியபடி கேட்டார்.

மின்சார வேலை என்று சொல்லியிருக்கலாம். பாவைப் பார்த்ததும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“சூரியன் மாதிரி சூடான வாயு மாமா. எந்தப் பாத்திரமும் தாங்காது. அதுல வேகமா ஓடுற எலெக்ட்ரானை காந்தத்தாலதான் அடைக்கிறோம். காந்தக் கோடு இந்தப் பாவு மாதிரி. இழையைச் சுத்திக்கினே எலெக்ட்ரான் ஓடும். முனையில கோடெல்லாம் நெருங்குது பாருங்க, அங்க காந்தம் பலமா இருக்குது. நல்லா சுத்தினு வர்றது அங்கிருந்து திரும்பிடும்.”

“எல்லாமா?”

“இல்ல. சுத்தாம இழையோட நேரா ஓடுறது முனையில நழுவிடும்.”

“எவ்ளோ நேரம் அடைச்சு வெப்பீங்க?”

“கண்ணு சிமிட்டுற நேரங்கூட இல்ல மாமா.”

“மூட்டைப்பூச்சியே அதுக்கு மேல நிக்கும்பா!” என்றார் கஞ்சி பூசியவர். தெருவே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

“எப்போ முடியும் இந்த வேலை?”

“எங்க காலத்துல முடியாமலும் போவலாம்.”

மாமா பாவில் கைவைத்தார். “எம் பொண்ண அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன். அத்த உட்டுட்டு தறியில வந்து உக்காரு, தரேன். இல்லன்னா இல்ல.”

தம்பி அறுந்த இழையொன்றை முடிந்துகொண்டிருந்தான்.

மாலையில் அம்மா போய்க் கெஞ்சினாள். மாமாவும் அழுதார். “பாவுல கைவெச்சு சொல்லிட்டேன்கா. இன்னா பண்ணச் சொல்ற?”

வைகாசியில் அவளை ஆரணியில் கொடுத்தார்கள். தம்பி பிறகு எந்தப் பண்டிகைக்கும் வரவில்லை, மணமும் செய்துகொள்ளவில்லை. அம்மா அவனுக்காக எடுத்துவைத்த வேட்டியை, அம்மாவின் காரியத்தன்று நான் கட்டிக்கொண்டேன்.

அவன் ஊரைவிட்டுப் புறப்பட்ட காலையில் பேருந்து நிலையத்தில் அவள் பையோடு நின்றதாகவும், அவன்தான் திருப்பி அனுப்பியதாகவும் அங்கே பூக்கட்டுகிற அம்மாள் ஒருமுறை சொன்னார். அவனைக் கேட்டேன், பேச்சை மாற்றினான். அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது உறுதிப்படாத செய்தி.