வெல்டா கட்டிய கரைப்பெட்டி

வெல்டா ஜோர்ஸ்டாட் கோபக்காரி என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கு அந்தக் கோபத்தை மூட்டியவர்கள் யார் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். மூட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் மர மில்லில் வெல்டராக இருந்தவள். மில்லை மூடிய அன்று மற்றவர்கள் கேக் வெட்டிக் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, தன் முகக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். அவளுடைய அக்கா ஆர்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பனி உருகியதும் மூஸ்ஹார்ன் ஓடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முழங்கால் அளவு குளிர்ந்த தண்ணீரில் குத்தவைத்துத் தட்டில் மண்ணை அலசித் தங்கப் பொடி எடுப்பார்கள். மற்றவர்கள் மீன் பிடிக்கப் போவது போல, அவர்களுக்கு அது கோடைக்காலம்.

ஆர்லிஸுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோய் குத்தவைக்க முடியாமல் ஆனபோதுதான், வெல்டா ஒரு ஹைபேங்கர் வாங்கலாம் என்று முடிவு செய்தாள். கரைப்பெட்டி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். ஓடைக்குள் இறங்கவே வேண்டாம். கரைமேல் நான்கு கால் போட்டுப் பெட்டி நிற்கும். பம்பு தண்ணீரை மேலே ஏற்றும். மேலிருக்கும் தொட்டியில் மண்ணை அள்ளிப் போட்டால் தண்ணீர் பீச்சி அடிக்கும், பெரிய கல் கம்பிமேல் உருண்டு வெளியே விழும், சின்ன மண் சாய்ந்த தகரத்தில் ஓடும். தங்கம் கனமானது என்பதால் குறுக்குப் பட்டைகளுக்கும் நார்ப்பாய்க்கும் அடியில் தங்கிவிடும். நின்றபடியே வேலை செய்யலாம்.

ராய்ஸ் டிப்பெட்டின் கடைக்குப் போனாள். எங்கள் ஊரில் இந்தச் சாமான் விற்கும் கடை அது ஒன்றுதான். ஓடையில் தங்கம் தேடுகிறவர்களின் சங்கத்துக்கும் ராய்ஸ்தான் தலைவன். நான் செயலாளர். அன்று நானும் கடையில் இருந்தேன்.

"எங்க குழியில சிவப்புக் களிமண்ணு. உருண்டை உருண்டையா வரும். இது அதைக் கரைக்குமா?" என்று வெல்டா கேட்டாள்.

ராய்ஸ் மடக்கும் அலுமினியப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டி, இது கல்லையே கரைக்கும் என்றான். அவள் குனிந்து வெல்டிங் ஓடிய இடங்களை விரலால் தடவிப் பார்த்தாள். இங்கே ஓட்டை இருக்கிறது, இங்கே பற்றவே இல்லை என்று சொன்னாள்.

"அம்மணி, நீங்க பாத்திரம் பாக்க வந்தீங்களா, தங்கம் பாக்க வந்தீங்களா?"

கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே பெட்டியை நான் முந்தைய வருடம் வாங்கியிருந்தேன். களிமண்ணில் அது மக்கர் பண்ணும் என்று எனக்குத் தெரியும். ஏமாந்ததை நான்கு பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். தலைவனைப் பகைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. வேறு கடை இல்லாததால் வெல்டா அதையே வாங்கிப் போனாள்.

அந்தக் கோடையில் ஆறு வாரம் அக்காவும் தங்கையும் அந்தக் களிமண் கரையைத் தோண்டினார்கள். வெல்டா வெட்டி எடுப்பாள், ஆர்லிஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கையால் தொட்டியைக் கிளறுவாள். சாயங்காலம் பாயை உதறி அலசினால் கருமணலும் இரண்டு மூன்று துளிப் பொடியும்தான். ஆறு வாரத்துத் தங்கம் ஒரு கட்டைவிரல் நகத்தை மூடவில்லை. குழிக்குப் பக்கத்தில், பெட்டி வெளியே தள்ளிய கழிமண் மட்டும் ஆள் உயரத்துக்குக் குவிந்தது.

ஒருநாள் ராய்ஸ் வந்தான். கழிமண்ணில் ஒரு உருண்டையை எடுத்து விரலால் நசுக்கினான். கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, இது செத்த இடம், மேலே அரை மைல் தள்ளிப் போங்கள் என்றான். ஆர்லிஸ் அதை நம்பினாள். இத்தனை வருடம் தட்டிலேயே இதைவிட நிறைய எடுத்தோமே என்று வெல்டா முணுமுணுத்தாள். தட்டில் களிமண்ணைக் கையால் பிசைந்து பிசைந்து கரைத்தார்கள் என்பது அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

ஆகஸ்டில் ஆர்லிஸுக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. வெல்டா என்னிடம் வந்து, மூன்று வாரம் வரமாட்டோம், பதிவேட்டில் குறித்துக்கொள் என்றாள். சங்கத்தின் விதி அப்படி. சொல்லாமல் பத்து நாள் வராவிட்டால் குழி அடுத்தவனுக்குப் போய்விடும். நான் பேனாவை எடுத்தபோது ராய்ஸ் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். வெல்டா வண்டியில் ஏறிப் போயிருந்தாள்.

"விட்டுட்டாங்கன்னே எழுதுப்பா. அவங்க திரும்பி எங்க வரப்போறாங்க? எதுக்கு ரெண்டு தடவ எழுதிக்கிட்டு?"

எழுதினேன். 'விட்டுவிட்டார்கள்.' ஒரே ஒரு சொல். அதை எழுத எனக்கு மூன்று நொடி ஆகியிருக்கும்.

ஆர்லிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த நாட்களில் வெல்டாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளில் ஐம்பதைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினாள். ஈயம் தங்கத்தைவிட இலேசு. ஈயத்தைப் பிடிக்கிற பெட்டி தங்கத்தை விடாது. குழியிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு வாளிக் களிமண்ணில் அந்த ஐம்பதையும் பிசைந்தாள். பின்கட்டில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பம்பை இறக்கி, கடையில் வாங்கிய பெட்டியை ஓடவிட்டாள்.

ஐம்பதில் பத்தொன்பது நின்றது. மிச்சம் முப்பத்தொன்றும் எங்கே என்று கழிமண்ணைக் கிளறினாள். களிமண் உருண்டைகளில், புட்டில் தேங்காய் ஒட்டியதுபோல ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டி உருண்டையைக் கரைக்கவில்லை. உருண்டை உருண்டுபோகும் வழியில் இருந்ததையும் பொறுக்கிக்கொண்டு போயிருந்தது. ஆறு வாரம் இருவரும் முதுகொடிய வெட்டி, தங்கத்தைப் பத்திரமாக வெளியே கொட்டியிருக்கிறார்கள்.

ஒரு உருண்டையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். ராய்ஸ் அதைத் தொடக்கூட இல்லை.

"சாய்வு சரியா வெச்சிருக்கமாட்டீங்க. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் சாய்க்கணும். பொம்பளைங்க இதெல்லாம் யாரையாவது கேட்டுச் செய்யணும்."

அவள் அங்கே கத்தவில்லை என்று ஆர்லிஸ் பிறகு என்னிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சாய்வை மாற்றி மாற்றி ஓட்டினாளாம். கூட்டினாள், குறைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். இருபத்து மூன்றுக்கு மேல் போகவில்லை. எட்டாம் நாள் அந்த அலுமினியப் பெட்டியைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். வெல்டிங் மூன்று இடத்தில் விட்டது. அவள் விரல் வைத்துக் காட்டிய அதே இடங்கள்.

பிறகு தானே ஒன்று கட்ட ஆரம்பித்தாள். மில்லை இடித்தபோது எடைக்கு வாங்கிப்போட்டிருந்த துருப்பிடிக்காத தகடு கொட்டகையில் கிடந்தது. தொட்டியைக் கடைப்பெட்டியைப் போல இரண்டு மடங்கு நீளமாக வைத்தாள். களிமண் அவசரமாக வெளியே போகக்கூடாது, அங்கேயே கிடந்து அடிவாங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அடியில் கம்பிக்குப் பதில் துளை போட்ட தகடு. அதன்மேல் விரல்விரலாக இரும்பு முளைகளைப் பற்றவைத்தாள், உருண்டை மோதி உடைவதற்கு. தண்ணீர்க் குழாய் இரண்டு பக்கமும்.

ஆர்லிஸ் நடைச்சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஈயத்தை எண்ணினாள். முதல் ஓட்டத்தில் பதினாறு.

"இது கடைப்பெட்டிய விட மோசம்டி" என்றாள் ஆர்லிஸ்.

"வாய மூடிட்டு எண்ணு."

"எண்ணிட்டுத்தான் சொல்றேன்."

தண்ணீர் வேகம் அதிகமாகி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஓடும் தகரத்தை அகலமாக்கினாள். அகலமானால் தண்ணீர் மெலிந்து பரவும், பொடி படியும். குறுக்குப் பட்டையின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, அடியில் வரி போட்ட ரப்பர் பாயை விரித்தாள். ஆறாவது தடவை நாற்பத்தேழு நின்றது. ஆர்லிஸ் இரண்டு முறை எண்ணினாள். வெல்டா சிரிக்கவில்லை. "அங்க நம்ம மண்ணு அப்படியே கெடக்கு, வா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் ஓடைக்குப் போனபோது மூன்று வாரம் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது. குழியில் ராய்ஸ் நின்றிருந்தான். குழியை அவன் தோண்டவில்லை. கரையை ஒரு வெட்டுகூட வெட்டவில்லை. அவர்கள் கொட்டிவைத்த கழிமண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். பாதிக் குவியல் போயிருந்தது. அள்ளிய மண் போனது தன் கடையில் விற்கும் பெட்டிக்குள் அல்ல. சுற்றும் இரும்பு உருளை ஒன்றை மோட்டாரில் ஓட்டிக்கொண்டிருந்தான். களிமண்ணை உருட்டி உருட்டிக் கரைக்கும் உருளை. அதை அவன் கடையில் யாரும் பார்த்ததில்லை.

வெல்டா கேட்டதற்கு, பதிவேட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான்.

அவள் என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டு நேராக வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"லெஸ், நீ என்ன எழுதின?"

சொன்னேன். அவள் கையை ஓங்கவில்லை. என்னை அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்கக்கா ஒத்தக் கால்ல நின்னு கிளறுன மண்ணு அது. ஒரு பேனாவ வெச்சு அதை அவனுக்குத் தூக்கிக் குடுத்துட்ட. உனக்கு அதுல பங்காவது தந்தானா?"

பங்கு எதுவும் தரவில்லை. பங்கு வாங்கியிருப்பதைவிட அது கேவலமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் சங்கம் கூடியது. முப்பது பேர் இருப்பார்கள். ராய்ஸ் விதியை வாசித்தான். பதிவேட்டைத் தூக்கிக் காட்டினான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், கோபப்பட்டால் விதி மாறாது என்றான். பின் வரிசையில் யாரோ, வெல்டாவுக்குக் கோபம் வராத நாள் எது என்றார்கள். சிரிப்பு எழுந்தது. கடையில் கேட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. ராய்ஸ் மீதா, என் மீதா, சிரித்தவர்கள் மீதா, யார் மீது அந்தக் கோபம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"மூணு வாரம் வரமாட்டோம்னுதான் அவங்க சொன்னாங்க. விட்டுட்டாங்கன்னு எழுதச் சொன்னது ராய்ஸ். எழுதினது நான். அது பொய்."

நான் அதோடு நிறுத்தவில்லை. அவன் விற்ற பெட்டி என்னிடமும் இருக்கிறது, களிமண்ணில் அது எதையும் பிடிக்காது, ஒரு வருடமாக எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் எழுந்து தங்களிடமும் இருக்கிறது என்றார்கள். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

ராய்ஸ் சாய்வு, சாய்வு என்று ஆரம்பித்தான். அப்போதுதான் வெல்டா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"வெளிய என் பெட்டி இருக்கு. லெஸ் வீட்ல உன் பெட்டி இருக்கு. உன் பெட்டிக்கு நீயே சாய்வு வெச்சுக்க."

என் பெட்டியைக் கொண்டுவந்தேன். தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். வெல்டா குழியிலிருந்து வண்டியில் கொண்டுவந்திருந்த ஒரே களிமண், ஆளுக்கு ஒரு வாளி, வாளிக்கு ஐம்பது ஈயம். ராய்ஸ் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துக் கால் மணி நேரம் சாய்வைச் சரிசெய்தான். ஓட்டியபின் அவன் பெட்டியில் இருபத்தொன்று. வெல்டாவின் பெட்டியில் நாற்பத்தாறு. எண்ணியது சங்கத்திலேயே மூத்தவர். அவர் ராய்ஸுக்குச் சொந்தக்காரர்.

குழியை அக்கா தங்கைக்கே திருப்பிக் கொடுப்பது என்று கை தூக்கினார்கள். ஆனால் ராய்ஸ் அதற்குள் கழுவி எடுத்த தங்கம்? எது எந்த மண்ணில் வந்தது என்று யாருக்குத் தெரியும் என்று ராய்ஸ் கேட்டான். அதுவரை வெல்டாவின் பக்கம் தலையாட்டியவர்கள்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முழு நியாயம் கேட்டால் நேரமாகிவிடும் அல்லவா? அந்தத் தங்கம் திரும்ப வரவேயில்லை. ராய்ஸ் உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லித் தலைவர் பதவியை விட்டான். என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அது நியாயம். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அந்த அலுமினியப் பெட்டியும் முன்வரிசையில்தான் இருக்கிறது.

மிச்சமிருந்த பாதிக் குவியலையும் கரையையும் இருவரும் பனி விழும்வரை கழுவினார்கள். ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி நிறைந்தது என்று கேள்விப்பட்டேன். வெல்டா என்னிடம் பேசவில்லை. தபால் நிலையத்தில் எதிர்ப்பட்டால் என்னை ஒரு கதவைப் போலப் பார்த்துவிட்டுப் போவாள்.

அடுத்த ஜூனில் நானே ஓடைக்குப் போய்க் கேட்டேன். எனக்கும் ஒரு பெட்டி கட்டித் தருவாயா, என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றேன். அவள் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"கட்டித் தரமாட்டேன். மறைக்கவும் மாட்டேன். யார் வந்து கேட்டாலும் இதான் பதில். அளவெடுத்துக்க. வெல்டிங் நீயா கத்துக்க. கை சுட்டா எங்கிட்ட வந்து அழாத."

மன்னிப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அளவு நாடாவை எடுத்தேன். தனியாகப் பிடிக்க முடியாத நீளம் அந்தத் தொட்டி. நான் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புது இடுப்போடு மெதுவாக நடந்து வந்து, ஆர்லிஸ் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.