ஓடுபாதை விளக்கைப் பெரிசாக்கினேன்

எட்டாம் வகுப்பில் நான் விமானம் ஓட்டினேன். கம்ப்யூட்டரில்தான். பாபநாசத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் கம்ப்யூட்டர் வந்தது எங்கள் வீட்டுக்கு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அத்தா வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை பார்த்தார். "லைட் செக்‌ஷன்" என்று அம்மா எல்லாரிடமும் சொல்வார். அங்கே என்ன வேலை என்று அம்மாவுக்கே தெரியாது.

விளையாட்டில் பகல் நேரம் வைத்தால் ஒழுங்காக இறங்கிவிடுவேன். ராத்திரி என்று மாற்றினால் போச்சு. ஓடுபாதை விளக்கெல்லாம் ஊசிமுனை அளவுதான். எங்கள் மானிட்டரில் அதுவும் தெரியாது. விமானம் மண்ணில் குத்தும். நோண்டிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு விளக்கும் ஒரு சின்னப் படம், கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். பெயிண்ட் புரோகிராமில் திறந்து புள்ளியைப் பெரிசாக்கி ஓரத்தில் மஞ்சள் பூசினேன். மறுபடி ஓட்டினால், தர்கா கந்தூரிக்குப் போட்ட சீரியல் செட் விளக்கு மாதிரி வளைகுடாப் பாலைவனத்தின் நடுவே ஓடுபாதை ஜொலித்தது.

அத்தா அப்போது லீவில் வந்திருந்தார். இந்தத் தடவை திரும்பிப் போவதில்லை, மாமாவோடு சேர்ந்து நெல் வியாபாரம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அம்மாவின் தம்பி. அவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஜன்னலில் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கி, மூன்று பேரையும் உட்கார வைத்தேன். அத்தா வேலை பார்க்கும் ஊரில் விமானத்தை இறக்கிக் காட்டினேன்.

"அல்லாவே, இவ்வளவு அழகாவா இருக்கும்!" என்றார் அம்மா.

"இதை விட்டுட்டா இங்க வந்து மூட்டை தூக்கப் போறீங்க, மச்சான்?" என்றார் மாமா.

அத்தா எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார். "இப்படித் தெரியாதும்மா. மண்ணடிச்சு மூடிக் கிடக்கும். ராவெல்லாம் முட்டி போட்டு ஒவ்வொண்ணாத் துடைப்போம். அதுக்குத்தான் என்னை வச்சிருக்கான்."

நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலையை ஒரே பேச்சில் கெடுக்கிறாரே என்று எனக்கு வந்தது கோபம்.

"அப்ப நீங்க சரியாத் துடைக்கல" என்றேன்.

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து அத்தாவும் சிரித்தார். அதற்கப்புறம் நெல் வியாபாரப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் போனவர், பல வருஷம் கழித்து வேலையை விட்டு வந்தபோது முட்டி தேய்ந்து படியேற முடியாமல்தான் வந்தார்.

தன் வேலை என்ன என்று அந்த மனுஷர் வீட்டில் வாயைத் திறந்து சொன்னது அந்த ஒரு தடவைதான். நக்கலடித்து அந்த வாயை மூடியவள் நான். அன்றைக்கு அது உறைக்கவில்லை. இவ்வளவு பளிச்சென்று தெரியும்படி செய்திருக்கிறேன், நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று, அவர் புறப்பட்டுப் போகிற வரைக்கும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.