காப்பு என் கைக்கு மாறிய காலை

ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கயிறு கட்டிக்கொண்டவர்கள், விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வருடம் என் வீட்டுக்காரர் கட்டியிருந்தார், உடம்பில் செடல் ஊசி குத்திக்கொள்வதாக வேண்டுதல். விரதமாச்சே என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அது எனக்குத் தெரியாது.

காலையில் கோயில் வாசலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவருக்கு, வாயின் இடது ஓரமாகக் கூழ் வழிந்தது. துடைக்கப் பார்த்தார்; இடது கை எழவில்லை. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது.

"ஆத்தா எறங்கிட்டா! எலுமிச்சம்பழம் கொண்டாங்க!" என்று ஒரு குரல். பம்பைக்காரர் அடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

சாமி வந்தால் இவருக்கு உடம்பு முழுக்க ஆடும். இதுவோ ஒரு பக்கம் மட்டும் தொங்கியது. எதிர்வீட்டு அண்ணனுக்கு இப்படித்தான் வாய் கோணியது. எண்ணெய் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, படுத்த படுக்கையாகிவிட்டார்.

"சாமி இல்ல, வாதம். ஆட்டோ கூப்புடுங்க" என்றேன்.

கொழுந்தனார் கையைப் பிசைந்தார். "காப்பு கட்டுன கை அண்ணி. எல்லைய தாண்டுனா தெய்வக்குத்தம்."

அந்த நிலையிலும் இவர் வரமாட்டேன் என்று தலையாட்டினார்.

பூசாரியிடம் போனேன். "அவுத்து என் கையில கட்டுங்க. அவரு வேண்டுதல நான் ஏத்துக்கறேன்."

"அப்ப நீ ஊரத் தாண்ட முடியாதும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவ முடியாது."

"தெரியும். கட்டுங்க."

கயிறு என் கைக்கு மாறியதும், கொழுந்தனார் அவரைத் தாங்கி ஏற்ற, ஆட்டோ கிளம்பியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார். நான் அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பார்த்துக்கோ தாயே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

மதியம் கொழுந்தனார் போன் செய்தார். ஸ்கேன் எடுத்தார்களாம், மூளையில் ரத்தக் கசிவு இல்லை, குழாயில் அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடிந்ததாம். தாமதித்திருந்தால் அதைப் போட்டிருக்க மாட்டார்களாம். மாத்திரையை நிறுத்தியதற்கு டாக்டர் நன்றாகத் திட்டினாராம்.

மறுநாள் அவரே பேசினார், இழுத்து இழுத்து. "பாக்க வரலியே நீ?"

"எல்லைய தாண்டக் கூடாதுன்னு தலைய ஆட்டுனது யாரு?"

சிரித்தது கேட்டது. அப்போதுதான் அழுதேன்.

செடல் நானே குத்திக்கொண்டு, காப்பு அவிழ்த்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெற்றியில் திருநீறு பூசப் போனேன். இடது கையை மெல்லத் தூக்கி என் விரலைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது, தினமும் பயிற்சி செய்கிறார்.

இப்போதெல்லாம் ஆடி பிறந்தாலும் விடுவதில்லை. முதலில் மாத்திரை, அதை விழுங்க அம்மன் தீர்த்தம். மறுபேச்சு பேசாமல் வாயைத் திறக்கிறார்.