ஒரு நிமிஷம் என்று காட்டிய கை

டெல்லியில், துவாரகாவில், நாலாவது மாடியில் எங்கள் வீடு. வெளியே கிளம்பினால் என் வீட்டுக்காரர் முதலில் இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடிப்பார். நான் பால்கனியில் வந்து கையை உயர்த்திக் காட்டுவேன். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த ஒரு நிமிஷத்தில் கேஸை மூடி, சேலை மடிப்பைச் சரிசெய்து, பூட்டை இழுத்துப் பார்த்து, மெல்ல இறங்குவேன். யாருக்காகவும் ஓடுகிறவள் இல்லை நான். அவரும் பழகிவிட்டார்.

சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், குஜராத் கடற்கரை முழுக்கக் காரிலேயே போய் வரலாம் என்றார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா, "இந்தத் துவாரகாவிலிருந்து அந்தத் துவாரகாவுக்கா? பெட்ரோலுக்குப் பிடித்த கேடு" என்று சிரித்தாள். நான் புளியோதரை கட்டிக்கொண்டேன்.

கிருஷ்ணன் கோயிலைப் பார்த்துவிட்டுக் கடலோரமாகவே கிழக்கே வந்தோம். வழியெல்லாம் பறவை. உப்பளத்தில் கொக்கு, ரோட்டுக் குறுக்கே நீலமான்கள். ஓர் இடத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி வெறும் சேறாகக் கிடந்தது. அதன் கடைசியில் ரோஸ் கலரில் கோடு போட்டாற்போல் பூநாரைக் கூட்டம்.

"ஏ இவளே, வாரியா? கிட்டப் போய்ப் பாப்போம்."

"சேத்துல மிதிக்க நான் என்ன எருமையா? நீங்க போங்க."

செருப்பைக் காரில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பைனாகுலரோடு போனார். சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சேற்று வாய்க்கால்களில் தண்ணீர் ஊர்வது தெரிந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. பால் பொங்குகிறமாதிரி எல்லாப் பக்கமும் ஏறியது. அவருக்கும் எனக்கும் நடுவிலும் ஏறியது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பறவை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். எதிர்க்காற்று. என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. சேற்றில் இறங்கிப் பார்த்தேன், முழங்கால் வரை புதைந்து, கரையைப் பிடித்துத்தான் ஏறினேன். காருக்கு ஓடிப்போய் ஹார்னை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன்.

அது அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

ஒரு நிமிஷமாம்.

மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே கை. நான் அமுக்க அமுக்க, நான் கிளம்ப அவசரப்படுகிறேன் என்றுதானே நினைப்பார்?

ஒட்டகம் மேய்க்கிற ஒருவர் கரையோரமாய் வந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில், "பையா, ஜல்தி! சீக்கிரம்! அங்கே என் வீட்டுக்காரர்" என்று காட்டினேன். அவர் கைகளைக் குவித்து "ஹோய்! ஹோய்!" என்றார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேய்கிற ஒட்டகத்தைக் கூப்பிடுகிற குரல். இவரோ, ஒட்டகத்தைக் கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

"பேர் என்ன? பேர் சொல்லும்மா!" என்றார் ஒட்டகக்காரர்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பிள்ளையைச் சொல்ல வைப்பேன். சொல்லக்கூடாது என்பதில்லை, வாய் அதற்குப் பழகவேயில்லை. அந்த ஆள் என் வாயையே பார்க்கிறார். அங்கே இவருக்குப் பின்னால் தண்ணீர் ஏறுகிறது.

சொன்னேன். எனக்கே சரியாய்க் கேட்கவில்லை. "என்ன? என்ன?" என்றார். மறுபடி சொன்னேன்.

அந்த மனிதர் அதைத் தன் பாஷைக்கு இழுத்து, பாதியாய் உடைத்துக் கத்தினார். இவர் சடாரென்று திரும்பினார். அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தார்.

ஒட்டகக்காரர் கெட்டித்தரை பார்த்து உள்ளே போனார். அவர்கள் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நின்று வருவதை, முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு தடவை இவர் தலை மறைந்தது. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சாமி பேர்கூட வரவில்லை.

கரையேறினதும் இவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் முழுக்கச் சிப்பி கிழித்த ரத்தம். ஒட்டகக்காரர் ஒன்றும் வாங்காமல் ஒட்டகங்களைத் தேடிப் போய்விட்டார். மிச்சமிருந்த புளியோதரையைக்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

காருக்குள் வந்ததும், "நான்தான் ஒரு நிமிஷம்னு கை காட்டுனேனே" என்றார்.

"பாத்தேன்."

"பேர அந்த ஆளுக்கு யார் சொன்னா?"

"அங்க வேற யாரு இருந்தா?"

சிரிக்கப் பார்த்தார், பல் கிட்டியது. "எங்க, எனக்கு ஒருதரம் சொல்லு, கேப்போம்."

"வண்டிய எடுங்க."

சாவியை அவிழ்த்துத் தந்தேன். அவர் கை நடுங்கி, சாவி துவாரத்தில் நுழையவில்லை. எனக்கோ ஓட்டத் தெரியாது. அவர் கையை என் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நின்ற இடமே தெரியாமல் எங்கும் தண்ணீர். ஆசைப்பட்டுக் கேட்டாரே, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.