கன்னத்தில் அடக்கியது

பஞ்சு மில்லில் பீடிக்கு இடமில்லை. ஒரு பொறி போதும், குடோனே போய்விடும். அதனால் இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில்லின் வாசலில், தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். புகையிலையை யாரும் கேட்பதில்லை. ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தீயும் இல்லை, புகையும் இல்லை. எட்டு மணி நேரம் மெஷின் பக்கம் நிற்க அது போதும். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் பழகினோம். எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.

வீட்டில் என் பெயரே வேறு. பீடி, சிகரெட் தொடாத மனுஷன் என்று என் மனைவிக்கு அப்படியொரு பெருமை. வீட்டுக்குள் நுழையுமுன் வாய் கொப்பளித்து ஏலக்காய் ஒன்றை மென்றுவிடுவேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றியதில்லை. நான்தான் புகைக்கவில்லையே!

போன ஆடியில் ரசம் பட்டு இடது கன்னம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கம் ஆறட்டும் என விட்டேன். புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றினேன். என் புத்தி அவ்வளவுதான்.

தோசையைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தின்பதை மனைவி கவனித்துவிட்டாள்.

"என்ன, கோழி கொத்துற மாதிரி கொத்துதிய? வாயத் தொறங்க."

பாதிதான் திறந்தது.

உள்ளூரில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று நான்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகலாம் என்றேன். அங்கே டாக்டரம்மா மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னார். இரண்டுதான் போயின.

"புகையிலை உண்டா?"

நான் பேசுமுன் மனைவி முந்திக்கொண்டாள். "அவிய பீடியக்கூடத் தொட்டதில்லம்மா."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "உண்டு" என்றேன். பக்கத்தில் அவள் அசையவில்லை. அவமானமாக இருந்தது, ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது.

சதையைக் கிள்ளி மதுரைக்கு டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் சோறு இறங்கவில்லை. மெஷின் ஓடும்போது கை தன்னால் பைக்குள் போகும். சுட்டதுபோல வெளியே எடுத்துக்கொள்வேன்.

"இன்னும் கேன்சரா மாறல" என்றார் டாக்டரம்மா. "மாறாதுன்னும் சொல்ல முடியாது. இன்னையோட விட்டுருங்க. தினமும் வீட்டுல பாருங்க. புண்ணு, கட்டி, செவப்பு எது தெரிஞ்சாலும் அன்னைக்கே வரணும்."

விட்டுவிட்டேன், சத்தியமாக. ஆனால் என் சத்தியத்தை அவள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. தினமும் காலையில் செல்போன் வெளிச்சத்தை அடித்து என் வாய்க்குள் பார்க்கிறாள். நான் அவள் கண்ணைப் பார்ப்பேன். "ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது.

இன்று வலது பக்கம் பார்த்தபோது வெளிச்சம் ஓரிடத்திலேயே நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தை அணைத்தாள்.

"மில்லுக்கு லீவு சொல்லிருங்க" என்றாள்.

அவள் பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள்.